கலெக்டர் சான்றிதழ் முதலில், ஆதார் அப்புறம்

கேள்வி: அக்கா, நான் மேலூர் பக்கம். வயது 24. எல்லாப் பேப்பரிலும் பெண் என்று இருக்கிறது, நான் திருநம்பி, ஆணாகத்தான் வாழ்கிறேன். இரண்டு வருடமாக மதுரை கே.புதூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு பார்சல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதமாக அரசு மருத்துவமனையில் ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறேன். குரலும் முகமும் மாறிவிட்டன. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றரை மாதத்தில் சேர வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு என்றதும் வயிறு கலங்குகிறது. பத்தாவது, பிளஸ் டூ, பி.காம்., ஆதார், பான் எல்லாமே பழைய பெயரில்தான். ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஆதாரில் 'ஆண்' என்று மாற்றித் தருகிறேன் என்கிறார். அம்மாவோ, 'பேப்பரை மாத்தினா அப்பா நிலத்துல உனக்குப் பங்கில்லாமப் போயிடும்' என்று பயப்படுகிறார். என் அறை நண்பர் தன்னை ஆணாகவும் உணரவில்லை, பெண்ணாகவும் உணரவில்லை. அவருக்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடப் போகிறேன். அதற்கு உங்களிடம் எந்தச் சான்றிதழும் எனக்குத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் சொன்னதும் இதைத்தான்: ஒருவர் ஆணா, பெண்ணா, திருநரா (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுவான சொல்) என்பதை அவரே சொல்லலாம், அறுவை சிகிச்சை செய்திருந்தால்தான் ஏற்போம் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பேசினாலும் சட்டம் உங்கள் பக்கம் நின்றுதான் தொடங்குகிறது. இனி நான் சொல்லும் சட்டமும் விதியும் 2024 கடைசியில் இருந்தபடி; அதற்குப் பிறகு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் விஷயம். ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். ஆதார் சேவை மையத்தில் விவரத் திருத்தத்துக்கு 2024இல் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் நான் வேண்டாம் என்பது பணத்துக்காக இல்லை. ஆதாரில் பெயரை இரண்டு தடவை மாற்றலாம். பாலினத்தைச் சாதாரண வழியில் ஒரே ஒரு தடவைதான் மாற்ற முடியும். அந்த ஒரு வாய்ப்பைக் கையில் வேறு எந்த ஆதாரமும் இல்லாமல் இன்றைக்கே செலவழித்துவிட்டால், நாளைக்கு வரும் மற்றப் பேப்பர்கள் அதோடு ஒத்துப்போகாமல் நிற்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எது சுலபமோ அதை முதலில் மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஆதாரில் ஒன்று, பானில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று என்று மூன்று ஆளாகிவிடுகிறார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். எல்லாவற்றுக்கும் வேராக ஒரு பேப்பர் வேண்டும். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 (நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 10) படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்றிதழ்தான் அந்த வேர். நம் மாநிலத் திருநங்கையர் நல வாரியத்தின் அட்டையையும் இதையும் பலர் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாரியம் 2008இல் தொடங்கப்பட்டது, நாட்டுக்கே முன்மாதிரி. நலத்திட்டங்களுக்கு அந்த அட்டை உதவும். ஆனால் எல்லா ஆவணங்களிலும் பெயரையும் பாலினத்தையும் மாற்றச் சொல்லும் உரிமையை 2019 சட்டம் ஆட்சியர் சான்றிதழோடுதான் பிணைத்திருக்கிறது. வாரியத்தின் பெயரிலேயே 'திருநங்கையர்' மட்டும்தான் இருக்கிறார்கள், திருநம்பிகளைக் காணோம். இதைப் பற்றி எனக்கு வெகு நாளாக வருத்தம் உண்டு. பல அலுவலகங்களில் நீங்கள் போய் நின்றால், திருநம்பி என்றால் யார் என்பதிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு ஒன்றிய சமூக நீதித் துறையின் தேசிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அது 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. புகைப்படம், இப்போதுள்ள ஓர் அடையாள அட்டை, பிரமாணப் பத்திரம், இவ்வளவுதான். பிரமாணப் பத்திரத்தை மாவட்ட நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியிருக்கும் எந்த நோட்டரியிடமும் முடித்துக்கொள்ளலாம். மருத்துவப் பரிசோதனை கிடையாது. இந்தச் சட்டத்துக்கான 2020 விதிகளிலேயே, பரிசோதனை ஏதும் இல்லாமல் பிரமாணப் பத்திரத்தின் பேரில் சான்றிதழ் தர வேண்டும் என்று இருக்கிறது. யாராவது டாக்டர் சீட்டு கொண்டு வா, உடம்பைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், 'விதியில் அப்படி இல்லை, வேண்டுமென்றால் எழுத்தில் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள். 30 நாளில் சான்றிதழ் வர வேண்டும். நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு காரணத்தால்தான். ஒரு மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருப்பவருக்குத்தான் அந்த மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் தரலாம். மேலூரும் கே.புதூரும் மதுரை மாவட்டம்தான், அதனால் இப்போது உங்களுக்குத் தடை ஏதும் இல்லை. சென்னைக்குப் போய் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால், அங்கே ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும். பெட்டி கட்டுவதற்கு முன்னால், இந்த வாரமே, இங்கிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது அவசரப்படாதீர்கள். நம் ஊரில் பெயர் என்றால் இனிஷியலும் சேர்ந்தது. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, விரித்து எழுதுவீர்களா, ஆங்கிலத்தில் எழுதினால் 'கார்த்திக்'கில் 'டி'க்குப் பிறகு ஓர் 'எச்' உண்டா இல்லையா என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி முடிவு பண்ணிவிட்டு, அதை எங்கேயும் மாற்றாதீர்கள். பாலினம் சரியாகி, ஓர் எழுத்தால் பான் தள்ளுபடியான ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சான்றிதழ் வந்தால் அதில் என்ன இருக்கும்? 'ஆண்' என்று இருக்காது. 'திருநர்' என்றுதான் இருக்கும். இது கேட்கக் கஷ்டமாக இருக்கும். 2019 சட்டம் இதை இரண்டு படியாக வைத்திருக்கிறது. முதல் சான்றிதழில் திருநர். அதற்கு மேல் ஆண் என்றோ பெண் என்றோ வேண்டுமானால், மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்றை இணைத்து, திருத்திய சான்றிதழ் கேட்க வேண்டும். அதை 15 நாளில் தர வேண்டும். 2014 தீர்ப்பு சொன்னதற்கும் இந்த இரண்டாம் படிக்கும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நீங்கள் ஆண் என்றால் ஆண்தான், நடுவில் ஒரு டாக்டர் எதற்கு? ஆனால் சட்டம் மாறும்வரை நாம் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் வழி தேட வேண்டும். உள்ள நிலைமையைச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டப் பிரிவில் 'அறுவை சிகிச்சை' என்று இருந்தாலும், 2020இல் வந்த விதிகளில் மருத்துவ சிகிச்சை என்பதற்குப் பொருள் விரிவாக இருக்கிறது. ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை மூன்றையும் சொல்கிறது. எட்டு மாதமாக அரசு மருத்துவமனையில் ஹார்மோன் எடுக்கிறீர்கள், ஓ.பி. சீட்டு எல்லாம் இருக்கும். அவற்றை ஒரு கோப்பில் தேதிவாரியாகச் சேருங்கள். முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும், விதியைச் சுட்டிக்காட்டி மருத்துவமனையில் சான்று கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்தால்தான் என்று அவர்கள் மறுக்கவும் கூடும். மறுத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள், நீதிமன்றத்துக்கு அது பயன்படும். அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் உடம்பைப் பற்றிய முடிவு. ஒரு பேப்பருக்காக யாரும் கத்திக்கு முன்னால் போய்ப் படுக்கக் கூடாது, தம்பி. இதை மட்டும் உங்கள் அக்காவாகச் சொல்கிறேன்.

அதனால் ஆதாரில் நான் சொல்லும் யோசனை இது. முதல் சான்றிதழை வைத்து இப்போது பெயரை மட்டும் மாற்றுங்கள். ஆதார் ஆணையம் ஏற்கும் ஆவணப் பட்டியலில் இந்தச் சான்றிதழ் இருக்கிறது. பாலினப் பெட்டியைத் தொடாமல் விடுங்கள். திருத்திய சான்றிதழ் வந்த பிறகு அந்த ஒரே வாய்ப்பை 'ஆண்' என்பதற்குப் பயன்படுத்துங்கள். கொஞ்ச மாதம் ஆண் பெயரும் பெண் என்ற குறிப்புமாக ஓர் அட்டை உங்கள் பையில் இருக்கும். அது வலிக்கும், தெரியும். அது வேண்டாம், பாலினப் பெட்டியில் 'திருநர்' என்றே இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியான முடிவுதான். ஆனால் வீடு வாடகைக்குப் பார்க்கும்போது, சிம் கார்டு வாங்கும்போது, லாட்ஜில் அறை எடுக்கும்போது எல்லாம் அந்த அட்டை உங்களுக்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேசிவிடும். அதை யோசித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பான் அட்டையில் 2018 முதல் திருநருக்குத் தனிப் பெட்டி உண்டு. அதற்கு முன்னால் ஆதாரில் திருநர், பானில் ஆண் அல்லது பெண் என்று இருந்ததால் இரண்டையும் இணைக்க முடியாமல் தவித்தவர்கள் பலர். அது உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழைப் பானுக்கு ஏற்கத்தக்க ஆவணமாக எடுத்துக்கொள்ள ஒன்றிய அரசு 2024இல் அங்கே கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் பானும் ஆதாரும் ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆதாரில் பெயர் மாறிய பிறகு பானுக்குப் போங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பாஸ்போர்ட் அவசரம் இல்லையென்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் சான்றிதழ்தான் பெரிய மலை. பத்தாவது, பிளஸ் டூவுக்குக் கடைசியாகப் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனு. பி.காம். பட்டத்துக்குப் பல்கலைக்கழகத் தேர்வாணையருக்கு மனு. சான்றிதழ் பெற்ற திருநர் கேட்டால் 15 நாளில் மாற்றித் தர வேண்டும், மாற்றிய ஆவணத்தில் பழைய வரிசை எண்ணே இருக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. நடப்பில் 15 நாளில் யாரும் தருவதில்லை. 'வழங்கிய சான்றிதழில் பெயர் மாற்ற இயலாது' என்று ஒரு வரிக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதை வைத்துத்தான் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடியும். இந்த விஷயத்தில் நம் கிளைக்கு நல்ல பெயர் உண்டு. மருத்துவப் பரிசோதனையைக் காட்டி 'நீ பெண் இல்லை' என்று வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் காவலருக்கு 2014இல் இங்கேதான் வேலை திரும்பக் கிடைத்தது. பெண்ணாகவே வளர்ந்து வாழ்ந்தவர் பெண்தான் என்றது நீதிமன்றம். 2019 ஏப்ரலில், தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்ததும் இதே கட்டடத்தில்தான். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். வருமான வரம்புக்குள் இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

இதெல்லாம் ஒன்றரை மாதத்தில் முடியாது. வேலைக்கு என்ன செய்வது? பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை அதே நோட்டரியிடம் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். அதோடு ஆட்சியர் சான்றிதழையோ, வராவிட்டால் விண்ணப்ப எண்ணையோ சேர்த்து, கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களே முன்கூட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். சரிபார்க்கிறவர் கண்டுபிடித்து 'பொய்ச் சான்றிதழ்' என்று எழுதும்வரை காத்திருக்காதீர்கள். நீளமாக வேண்டாம், வாழ்க்கைக் கதை வேண்டாம். சான்றிதழ்களில் உள்ள பெயர் இது, இப்போதைய பெயர் இது, சட்டப்படி மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, விவரத்தை ரகசியமாக வைக்கவும். நாலு வரி போதும். ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைப்பது நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. திருநர் என்பதற்காக வேலை தராமல் இருப்பதை 2019 சட்டம் தடை செய்கிறது. புகார் அலுவலர் ஒருவரையும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போனால், அப்பா சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு என்பது 1956இலிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005இலும் மகள்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. மகள் என்று இருந்தாலும் மகன் என்று மாறினாலும் பங்கின் அளவு ஒன்றுதான். ஒரு சென்ட்கூடக் குறையாது. கவனிக்க வேண்டியது வேறு. வாரிசுச் சான்றிதழில் நீங்கள் பழைய பெயரில், 'மகள்' என்று இருப்பீர்கள். நாளைக்குப் பத்திரப் பதிவு என்று வரும்போது அந்த மகளும் இந்த மகனும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும். ஆட்சியர் சான்றிதழும் பழைய சான்றிதழ்களின் நகலும் இருந்தால் நிரூபித்துவிடலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடம் முன்னால் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு திருநங்கை என்னிடம் வந்தார். வீட்டைவிட்டுப் போகும்போது, பழைய பெயரையே பார்க்கப் பிடிக்காமல், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அடுப்பில் போட்டுவிட்டார். அம்மா இறந்தபோது வாரிசுச் சான்றிதழில் அவருடைய பழைய பெயர் 'மகன்' என்று இருந்தது. 'இந்தப் பொம்பளை யாரென்றே எங்களுக்குத் தெரியாது' என்று உடன்பிறந்தவர்களே சொன்னார்கள். அவர்தான் அவர் என்று காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி, நகல் சான்றிதழ் வாங்கி, எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் ஓர் அலுவலகத்தில், அவர் எதிரிலேயே நிற்கும்போது, ஒருவர் என்னிடம் 'அது என்ன கேக்குது?' என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. உங்கள் பழைய பெயர் எவ்வளவு உறுத்தினாலும் அந்தத் தாள்களைக் கிழிக்காதீர்கள். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஓர் உறையில் போட்டு ஒட்டி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

உங்கள் அறை நண்பருக்கும் சொல்கிறேன். 2019 சட்டத்தில் 'திருநர்' என்பதற்கு உள்ள விளக்கம் திருநங்கை, திருநம்பியோடு நிற்கவில்லை. ஊடுபால் தன்மை உள்ளவர்களையும் (பிறவியிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காதவர்கள்) பால்புதுமையரையும் (ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தங்களை அடக்காதவர்கள்) சேர்த்துக்கொள்கிறது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று உணர்கிறவரும் இதே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், சிகிச்சை எதுவும் எடுத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இடைப்படியாக இருக்கும் 'திருநர்' என்ற சொல் அவருக்கு முடிவான சொல்லாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் வெளியே என்று தனியாக ஒரு பெட்டி நம் நாட்டு ஆவணங்களில் இல்லை. பல படிவங்களில் 'மூன்றாம் பாலினம்' என்று போடுகிறார்கள். முதலாவது யார், இரண்டாவது யார் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நாம் பேசும் தமிழில் 'அவர் வந்தார்' என்று மரியாதையாகச் சொன்னால் அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, ஆள் மட்டும்தான் இருக்கிறார். மொழிக்கு இருக்கும் அந்த இடம் இன்னும் படிவங்களுக்கு வரவில்லை. அவர் இப்போது எதையும் மாற்றாமல் இருக்க விரும்பினால் அதுவும் அவர் உரிமை. விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விண்ணப்பிப்பதாக இருந்தால் ஆதாரில் பாலின மாற்றம் ஒரு தடவைதான் என்பதை அவரும் நினைவில் வைக்கட்டும்.

30 நாள் கழித்தும் சான்றிதழ் வரவில்லையென்றால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணோடு மனு கொடுங்கள். மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். சென்னையில் வேலையில் சேர்ந்துவிட்டீர்கள், வர முடியாது என்றால் அம்மாவை அனுப்பலாம். நிலத்தைப் பற்றிய கவலை தீர்ந்தால் அவர் போவார் என்றுதான் நினைக்கிறேன். நோட்டரியிடம் போகும்போது ஆதார் அசலையும் இரண்டு புகைப்படமும் கொண்டு போங்கள். விண்ணப்ப எண் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.